அண்ணனுக்கு அனுப்பிய பதினாறடி ராடு

1

கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தபால் பெட்டியில், முகவரி தெரியும்படி சன்னல் வைத்த சாம்பல் நிற உறை ஒன்று கிடந்தது. ஜெர்மனிக்கு வந்து முப்பத்தோரு வருஷமாகிறது. இன்னமும் இந்த உறையைக் கண்டால் முதலில் பெயர் என்னுடையதுதானா என்று பார்ப்பேன். சன்னல் வைத்த உறையில் கல்யாணப் பத்திரிகை வந்ததாக இந்த நாட்டில் சரித்திரம் இல்லை.

கலைஞர்களுக்கான காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். கேள்வி ஒரே வரிதான்: ‘தாங்கள் கலைத் தொழிலை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள்?’ கீழே நாள், மாதம், வருஷம் எழுத எட்டுக் கட்டங்கள் போட்டிருந்தார்கள்.

தப்பு என்மேல்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது முழங்காலை மாற்றினார்கள். அப்போது ஏதோ ஒரு படிவத்தில், இனி மேடையில் ஆடுவதாக இல்லை என்று உண்மையை எழுதித் தொலைத்துவிட்டேன். ஜெர்மனியில் ஒரு படிவத்தில் உண்மையை எழுதினால் அது நாலு குட்டி போடும். இது மூன்றாவது குட்டி.

என் வீட்டுக்காரர் எடப்பாடிக்காரர். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். ஆகையால் நான் வீட்டில் தரை அதிரத் தட்டடவு போட்டுப் பழகிய காலத்தில் அவர் மட்டும் சோபாவில் நிம்மதியாகத் தூங்குவார். அவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு தேதியைப் போட்டு அனுப்பு, அவர்கள் வந்தா பார்க்கப் போகிறார்கள் என்றார். எந்தத் தேதியைப் போடுவது? கடைசியாக ஆடிய நாளையா? முழங்காலை அறுத்த நாளையா? நிறுத்திவிட்டோம் என்று நானே ஒத்துக்கொண்ட நாள் என்றால், அந்த நாள் இன்னும் வரவில்லை.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போதுதான் கைபேசியில் வீடியோ அழைப்பு வந்தது. திரை முழுக்க ஒரு மூக்குத் துவாரமும் பாதி நரைத்த மீசையும் தெரிந்தன. அண்ணன். எங்கள் குடும்பத்தில் அண்ணனே கூப்பிட்டால் யாராவது பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் போயிருக்க வேண்டும். பிறப்பதற்கு யாரும் பாக்கி இல்லை என்பதால், ஆருங்ணா போயிட்டாங்க என்று நேராகவே கேட்டேன்.

“ஆரும் போகல சாமி. உனக்குக் கும்மி தெரியுமா?”

2

படிக்கிறவர்களுக்கு என் அண்ணனைத் தெரியாது. ஆகவே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாமி என்பது எங்கள் பக்கத்தில் சின்னவர்களைச் செல்லமாகக் கூப்பிடுகிற வார்த்தை.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எங்கள் ஊர். அந்தப் பக்கத்தில் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு சம்பந்தமில்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் இருபது வயதில் வேலையாளாக ரிக் ஏறினார், முதலாளியாக இறங்கினார். நடுவில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று நாட்டின் பாதி நிலத்தைத் துளைத்துவிட்டு வந்தார். இப்போது அறுபத்தாறு வயது. வண்டிகளைக் கூட்டாளிகள் பார்த்துக்கொள்கிறார்கள். அவரைச் சர்க்கரை பார்த்துக்கொள்கிறது.

நான் சேலத்தில் கல்லூரியில் படித்தபோது அஸ்தம்பட்டியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சர் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தார். நான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவதாக அப்பாவிடம் சித்தி சொல்லிவைத்திருந்தாள். மூன்றாவது வருஷம் அப்பா பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு மனு எழுதி வைத்துக்கொண்டு, இதை டைப் அடித்துக் கொடு சாமி என்று என்னிடம் நீட்டியபோது குட்டு உடைந்தது.

அப்பா கோபிக்கவில்லை. சிரித்தார். அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகைக்கு ஊரில் மேடை போட்டபோது, நம்ம புள்ளையும் ஒரு ஆட்டம் ஆடட்டுமே என்று அவரே சொன்னார். நான் இரண்டு மாதம் ஒரே உருப்படியைத் தேய்த்துத் தேய்த்துப் பழகினேன். பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது அண்ணன் ரிக்கிலிருந்து லீவில் வந்தார். வேண்டாம் என்றார். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் என்ன கேட்பான் என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. என் நேரத்துக்கு மேடையில் ஒருவர் கோழிக்குரல், குருவிக்குரல் எல்லாம் செய்து காட்டினார். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டே அழுதேன்.

அந்தக் கோபம் எனக்கு வெகுகாலம் இருந்தது, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பெண் பார்க்க வந்த எடப்பாடிக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை என்பது அதைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. அதற்கப்புறம் நான் எத்தனையோ ஊரில் ஆடிவிட்டேன். எங்கள் ஊர் மண்ணில் மட்டும் ஒரு அடி வைத்ததில்லை. அண்ணனும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

அந்த அண்ணன்தான் இப்போது கும்மி தெரியுமா என்று கேட்கிறார்.

கொங்குப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது அங்கே ஊருக்கு ஊர் வள்ளி கும்மி, வள்ளி கதையைப் பாடிக் கைகொட்டி ஆடுகிற ஆட்டம். வாத்தியார் ஒருவர் வந்து கோயில் மைதானத்தில் மூன்று மாதம் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுப்பார். ஆணும் பெண்ணும், பள்ளிக்கூடப் பிள்ளையும் பேரன் எடுத்தவரும் வட்டமாக நின்று கற்பார்கள். பிறகு ஒருநாள் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு அரங்கேற்றம். எங்கள் ஊருக்கும் வாத்தியார் வந்துவிட்டார். அண்ணி சேர்ந்தாள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்ன டாக்டரிடமிருந்து தப்பிக்க அண்ணனும் சேர்ந்தார். பத்தே நாளில் அண்ணி உள்வட்டத்துக்குப் போய்விட்டாள். அண்ணன் எந்த வட்டத்திலும் நிற்க முடியாமல் எல்லோர்மேலும் மோதிக்கொண்டிருந்தார்.

மொத்தம் எட்டுப் பாட்டு. எட்டாவதுதான் வேகமானது. அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் முன்னால் வாத்தியார் எல்லோரையும் ஆடவிட்டுப் பார்ப்பாராம். அடி தப்புகிறவர்களுக்கு வட்டத்தில் இடமில்லை; விருந்தாளிகளோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். அண்ணன் அதற்குள் வேட்டி சட்டை எடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டாரையும் அழைத்துவிட்டார்.

“உன்ற அண்ணி சிரிக்கறா சாமி. ஊருல போற வாரவனெல்லாம் சிரிக்கறான். நீ சொல்லிக்குடு, ஒரு அடி தப்பக் கூடாது. எனக்கு அது போதும்” என்றார்.

நாளைக்கு உங்களைப் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று திருப்பிக் கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாற்பது வருஷம் காத்திருந்த வாய்ப்பு. கேட்கவில்லை. வாத்தியாராக இருப்பதில் ஒரு வசதி உண்டு. பழிவாங்குவதை எல்லாம் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம்.

3

எனக்குக் கும்மி தெரியாது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்து முந்தின நாள் நான் கற்றுக்கொண்டு, மறுநாள் பரம்பரையாகத் தெரிந்தவள் போலச் சொல்லிக்கொடுத்தேன்.

இது எனக்குப் புதிதும் இல்லை. இந்த நாட்டில் நான் செய்ததெல்லாம் இந்த வேலைதான்.

வந்த புதிதில் நான் கலைஞர். அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். எங்கள் குடியிருப்பில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை ‘அமைதி நேரம்’ என்று கதவருகே எழுதி ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க அமைதி. கீழ்வீட்டு அம்மாள் என் முதல் தட்டடவிலேயே மேலே வந்து, அலமாரி எதையாவது நகர்த்துகிறீர்களா என்று விசாரித்தாள். நாட்டியம் என்றேன். நாட்டியத்தில் ஏன் இத்தனை அலமாரி என்றாள். அதிலிருந்து கட்டில் மெத்தையைத் தரையில் போட்டு அதன்மேல் ஆடினேன். மெத்தையில் ஆடி மேடைக்குப் போனால் தரை நம்மை வந்து அறையும், அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மேடை என்று எதைச் சொல்கிறேன்? நூலகத் திறப்பு விழா, முதியோர் இல்லம், பல நாட்டு மக்கள் விழாவில் சமோசாக் கடைக்கும் ஆப்பிரிக்க மேளத்துக்கும் நடுவே பத்து நிமிஷம். ஒருமுறை ஆடி முடித்ததும் ஒரு பெரியவர் வந்து கைகுலுக்கி, எங்கள் வீட்டுப் பையனுக்கும் காது கேட்காது, உங்கள் கைப்பேச்சு மிகத் தெளிவாக இருந்தது என்றார். நன்றி சொன்னேன். பாராட்டு எந்த வாசலில் வந்தால் என்ன.

பிறகு ஒரு யாழ்ப்பாணத்து அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பிள்ளைக்குப் பழக்கிவிடுவீங்களோ?”

நான் கலைஞர், டீச்சர் இல்லை என்று மிடுக்காகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் அதே நேரத்துக்கு மகளையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் டீச்சரானது இப்படித்தான். இடம் கிடைத்தது தீயணைப்பு நிலையத்தின் மாடிக் கூடத்தில். அலாரம் அடித்தால் கீழே வண்டி கிளம்பும் வரைக்கும் பிள்ளைகள் முழங்காலை மடித்த அரைமண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தொடை பலமானதற்குப் பாதிக் காரணம் அந்த ஊரில் பிடித்த தீ. என் தமிழ் அவர்களுக்கு விளங்காது, அவர்கள் தமிழ் எனக்கு விளங்காது. கடைசியில் அவர்கள்தான் என் வழிக்கு வந்தார்கள். இன்றைக்கும் ஸ்டுட்கார்ட் சுற்று வட்டாரத்தில் சில இளம்பெண்கள் ‘ஒண்ணுங்க, ரெண்டுங்க, மூணுங்க’ என்று மரியாதையாகத் தாளம் எண்ணுவதை நீங்கள் கேட்கலாம்.

என் மகளும் அந்தக் கூடத்தில்தான் கற்றாள். பதிமூன்று வயதில் நிறுத்திவிட்டாள். வீட்டில் ஒரு அம்மா இருந்தால் போதும், அங்கேயும் ஒருத்தி வேண்டாம் என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். கோபம் வந்தால் அவள் அந்த மொழிக்குப் போய்விடுவாள். எனக்குக் கோபம் வந்தால் திருச்செங்கோட்டுக்குப் போய்விடுவேன். இருவரும் சந்திக்க இடமே இருக்காது. இப்போது பெர்லினில் வேலை. வார இறுதியில் கயிறு கட்டிக்கொண்டு செயற்கைச் சுவரில் ஏறுகிறாள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கீழே நின்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்கள் என்றாள்.

யாழ்ப்பாணத்து அம்மாவின் மகள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். முழங்கால் போன பிறகு என் வகுப்பு மொத்தத்தையும் அவளிடம்தான் ஒப்படைத்தேன். ஞாயிறுதோறும் கூப்பிட்டு, பெற்றோர்கள் சண்டை, பாடகர் வரவில்லை, எனக்கு இந்தத் தொழிலே வேண்டாம் என்று ஒரு மணி நேரம் அழுவாள். நான் உம் கொட்டுவேன். முடிவில், சரியாகிவிட்டது டீச்சர் என்று வைத்துவிடுவாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒரு ஞாயிறு அவள் கூப்பிடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சாம்பல் உறைக்குப் பதில் எழுத முடியாமல் அலுவலகத்துக்கே போன் செய்தேன். அங்கிருந்த அம்மாள் பொறுமைசாலி. தன்னிடம் மூன்று கட்டங்கள் இருக்கின்றன என்றாள். கலைஞர், ஆசிரியர், பொழுதுபோக்கு. நான் எந்தக் கட்டம்? மேடையில் ஆடுகிறீர்களா என்றாள். இல்லை. வகுப்பு எடுக்கிறீர்களா? மாணவியிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு என்ன செய்கிறீர்கள்? உம் கொட்டுகிறேன். இப்போது வேறு யாருக்காவது கற்பிக்கிறீர்களா? ஆமாம், ஒருவருக்கு. அறுபத்தாறு வயது, இந்தியாவில் இருக்கிறார், என் அண்ணன். ஊதியம்? ஊரிலிருந்து யார் வந்தாலும் கடலை எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் கொடுத்தனுப்புவார் என்றேன். அப்படியானால் பொழுதுபோக்கு என்றாள், தட்டச்சு செய்கிற ஓசை கேட்டது.

போனை வைத்துவிட்டு, ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினேன். ஒரு மனுஷி நாற்பது வருஷம் குதிகால் தேயத் தேயச் செய்ததற்குக் கடைசியில் இந்தப் பெயர். அந்த அம்மாள்மேல் கோபம் இல்லை, அவளிடம் இருந்த கட்டங்கள் அவ்வளவுதான். ஆனாலும் வலித்தது.

4

எங்கள் வகுப்பு நேரம் ஊரில் சாயங்காலம் ஐந்தரை. இங்கே மதியம் ஒரு மணி, அமைதி நேரம் தொடங்குகிற அதே நிமிஷம். அண்ணன் அண்ணிக்குத் தெரியாமல் ரிக் வண்டி நிறுத்துகிற செட்டில் போய், கைபேசியை ஒரு பழைய டீசல் டிரம்மின்மேல் சாய்த்து வைப்பார். வாழ்நாள் முழுக்க இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசியவர், ரகசியத்தையும் அரை மைல் கேட்கிற மாதிரிதான் சொல்வார். இந்த முனையில் நான் கம்பளத்தின்மேல் காலுறை போட்டுக்கொண்டு, மாற்றிய முழங்காலோடு, சத்தமில்லாமல் கும்மி அடித்தேன்.

முதல் நாள், ஆடுவதற்கு முன்னால் கும்பிடுங்கள் என்றேன். தங்கச்சி கால்ல உழுகோணுமா என்று கேட்டார்.

“என்ற கால்ல வேண்டாங்ணா. மண்ணத் தொட்டுக் கும்பிடுங்க. இத்தன வருசமா அதுலதான ஓட்ட போட்டீங்க.”

ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இத்தனை சீக்கிரம் எந்த மாணவியும் அந்த வணக்கத்தைப் புரிந்துகொண்டதில்லை.

அதற்கப்புறம் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பதினாறு அடி, பிறகு ஒரு திரும்பல். பாட்டு முழுக்க அவ்வளவுதான் கணக்கு. அண்ணன் ஒவ்வொரு முறையும் தாமதமாகத் திரும்பினார். மைதானத்தில் பக்கத்தில் நிற்கிற ரிட்டயர்டு கூட்டுறவுச் சங்கச் செயலாளரின் மூக்குக் கண்ணாடி இரண்டு தடவை உடைந்துவிட்டது. அண்ணனுக்குத் தாளக் காதே கிடையாது என்று முடிவுகட்டினேன். அதுவும் தப்பு. ஒருநாள் வகுப்பு நடக்கும்போது பின்னால் ஒரு வண்டியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், டேய், மூணாவது சிலிண்டர் அடி தப்புது பாரு என்றார். எனக்கு அந்த இரைச்சலில் ஒரு அடியும் கேட்கவில்லை.

காது இருக்கிறது, காலும் இருக்கிறது, பிறகு எங்கே போகிறது கோளாறு? வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஆடச் சொன்னேன். ஆடினார். பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபதில் நிம்மதியாகத் திரும்பினார்.

“ஏனுங்ணா இருபது?”

“ராடு இருபதடிதான சாமி.”

பூமிக்குள் இறக்குகிற இரும்புக் குழாய்க்கு ராடு என்று பெயர். ஒன்று இருபதடி. அது முழுக்க இறங்கியதும்தான் நிறுத்தி அடுத்ததை மாட்டுவார்கள். நாற்பது வருஷம் ராடு ராடாக எண்ணிய உடம்பு. இருபதுக்கு முன்னால் அது நிற்காது. பதினாறிலேயே திரும்புங்கள் என்று கெஞ்சினேன். நாலடி வெளியே நிற்கும்போது அப்படியே எப்படி விட்டுவிட்டு வருவது என்று என்னையே கேட்டார். மூன்று நாள் முயன்றோம். பதினாறு வந்ததும் கால் தயங்கும், முகத்தில் ஒரு கலவரம் வரும், கால் தன்பாட்டில் பதினேழுக்குப் போய்விடும். வாத்தியார் ஆடவிட்டுப் பார்க்கிற நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அண்ணன் டிரம்மின் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு நாற்காலிதான் போல என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் நான் கற்ற ஒரே வித்தை, அவசரத்துக்கு நல்ல பொய் சொல்வது.

“அண்ணா, இங்க ஜெர்மனில பதினாறடி ராடு ஒண்ணு வந்திருக்குதுங்க.”

நிமிர்ந்து பார்த்தார். “பதினாறடியா? எதுக்கு?”

“கெட்டிப் பாறைக்குங்க. நீளங் கம்மி, நெளியாது.”

அண்ணன் வெகுநேரம் மோவாயைத் தடவினார். பிறகு, ஜெர்மன்காரன் காரணமில்லாமல் செய்யமாட்டான் என்றார். மறுநாள் பதினாறில் திரும்பினார். முதல் பாட்டிலிருந்து எட்டாவது பாட்டு வரைக்கும், ஒரு ராடுகூட மிச்சம் நிற்காமல் திரும்பினார். கீழ்வீட்டு அம்மாளை மறந்து நான் கைதட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். வெளிவட்டம் கிடைத்துவிட்டதாம். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அந்த ராடு கம்பெனியின் பேரைக் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். அப்புறம் கொஞ்சம் தயங்கி, நீ வாரயா சாமி, நீ பாக்கோணும் என்றார்.

5

தை மாதத்தில் போனேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மகளைக் கேட்டேன், யோசித்துவிட்டு, மாமா ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்பு, முழுசாக அனுப்பு என்றாள். அவள் கேட்டு நான் அனுப்பப்போகும் முதல் நாட்டிய வீடியோ அதுதான்.

அண்ணி என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, ஐந்தரை மணி ரகசியம் அவளுக்கு இரண்டாம் நாளே தெரியும் என்பதுதான். செட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள், இவர் யாரோடு தினமும் சண்டை போடுகிறார் என்று கேட்டிருக்கிறார்கள். பெண்கள் எல்லோருக்கும் தறி ஊரான இளம்பிள்ளையில் மொத்தமாகப் பச்சைச் சேலை எடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றை அண்ணி எனக்குக் கொடுத்தாள். சும்மா கட்டிக்கங்க அம்மிணி, உக்காந்து பாக்கறதுக்குத்தான என்றாள்.

கோயில் மைதானம். முன்வரிசையில், சம்பந்தி வீட்டாருக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி. வெயில் தாழ்ந்ததும் மேளம் தொடங்கியது. நூற்றைம்பது பேர் இருப்பார்கள், மூன்று வட்டம். வாத்தியார் நடுவில் ஒலிவாங்கியோடு நின்று பாடினார். நான் ஊரைப் பார்க்கவில்லை, அண்ணியைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனின் காலை மட்டும் பார்த்தேன். என் மாணவிகளின் அரங்கேற்றங்களில் திரைக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை உள்ளங்கை வேர்த்திருக்கிறேன். அன்றைக்கு உச்சந்தலையே வேர்த்தது. முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது. பதினாறு, திரும்பல். பதினாறு, திரும்பல். செயலாளரின் கண்ணாடி பத்திரமாக இருந்தது. ஏழு பாட்டு முடிந்தபோது அண்ணனின் வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு அடி தப்பவில்லை. என்னைப் பார்த்து விரலைக் காட்டினார், இன்னும் ஒன்றுதான்.

அந்த வாத்தியாருக்கு ஒரு வழக்கம் உண்டாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் நிறுத்தி, இந்த மண்ணுல பொறந்து வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போன பொண்ணுங்கெல்லாம் வட்டத்துக்கு வாங்க என்று கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். நான் முழங்காலைக் காட்டினேன். அண்ணி உள்வட்டத்திலிருந்து நடந்து வந்து, முட்டி கிடக்குது வாங்க அம்மிணி என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உனக்குத் தெரியுமல்ல என்று கேட்டார். உங்களுக்கு ஆருங்க சொல்லிக்குடுத்தது என்றேன். வாய்க்கொழுப்பு.

பாட்டு தொடங்கியது. எண்ணிக்கை எனக்குத் தப்பவில்லை, அது இந்த ஜென்மத்தில் தப்பாது. தப்பியது முகம். கும்மியில் எல்லோரும் வட்டத்துக்குள்ளே பார்த்து ஆட வேண்டும். நாற்பது வருஷம் மேடையில் ஆடிய உடம்பு; நாற்காலிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் திரும்பும். ஊரே உள்ளே திரும்பியபோது நான் வெளியே திரும்பி, சம்பந்தி வீட்டாரைப் பார்த்து அபிநயத்தோடு சிரித்தேன். அடுத்த திரும்பலில் பின்னால் வந்த பெண்மேல் மோதினேன். சரி செய்யப் போய், அரைமண்டியில் உட்கார்ந்தேன். முழங்கால் முனகியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அந்த மைதானம் நிஜமாகவே கோணலாகத் தெரிந்தது.

வாத்தியாருக்கு நான் யாரென்று தெரியாது. பாட்டு நடுவிலேயே ஒலிவாங்கியில் சொன்னார்: “வெளிவட்டத்துல கண்ணாடி போட்ட அக்கா, சனத்தப் பாக்காதீங்க. பக்கத்துல நிக்கற அண்ணனப் பாத்து ஆடுங்க.”

மைதானம் முழுக்கச் சிரித்தது. அவமானம் என்பது வயதாகிவிட்டது என்று நம்மை விட்டுவிடாது. அறுபதை நெருங்குகிறவளுக்கும் அது பத்தொன்பது வயதில் வந்த மாதிரியே வந்தது. வெளியே போய்விடலாம் என்று ஒரு அடி பின்னால் வைத்தேன்.

அப்போது அண்ணன் காலைத் தாழ்த்தினார். ஊர் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு ஏறிக்கொண்டிருந்தது, அவர் மட்டும் பாதி வேகத்துக்கு இறங்கினார். முதலில் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது. நான் பார்த்து வைக்கட்டும் என்று ஒவ்வொரு அடியையும் பெரிதாக, தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். உள்வட்டத்திலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். அண்ணா, நீங்க எதுக்குங்க நின்னீங்க, நல்லாத்தான ஆடீட்டிருந்தீங்க என்று வாத்தியார் ஒலிவாங்கியில் கத்தினார். அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“மெல்ல வா சாமி,” என்றார். வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். “அவுங்க போவட்டும். நாம ஆடிக்கலாம்.”

நான் அண்ணனைப் பார்த்து ஆடினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் அவருடைய வேட்டி கலங்கலாகத்தான் தெரிந்தது, அது போதுமாக இருந்தது. பாட்டு முடிந்து மேளம் நின்றபோது எங்களுக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அதையும் ஆடி முடித்துவிட்டுத்தான் நின்றோம்.